ஒரு காம்பரா, இரண்டு பெயர்

என் உடம்பு பதுளையில் கணினி வகுப்பில் இருந்தது. மனம் கொஸ்லந்தையில், எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் கிடந்து தவித்தது. அண்ணன் தயாபரன் குடியிருக்க ஒரு காம்பரா கேட்டு அங்கே போயிருந்தான். தனிக் காம்பரா இருந்தால்தான் பெண் தருவோம் என்று பெரகலைப் பெண் வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் ஒரே காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், ஐந்து பேர். சேலையைத் திரையாகக் கட்டித்தான் நானும் தங்கையும் உடுப்பு மாற்றுகிறோம். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

இதற்கிடையில் ஜாவா நிரல் பயிற்சி வேறு உயிரை வாங்கியது. இரண்டு வீடுகளை உருவாக்க வேண்டும். ஒன்றில் ஆட்களை மாற்றினால் மற்றது மாறக்கூடாது. 'அப்பா வீடு' என்று ஒன்றை உருவாக்கி ஐந்து பேரைப் போட்டேன். அடுத்த வரியில் 'அண்ணன் வீடு', சமன்குறி, 'அப்பா வீடு'. இரண்டாவது வீடும் தயார் என்று நினைத்தேன்.

கைபேசி அதிர்ந்தது. வாசலுக்கு ஓடினேன்.

"தங்கச்சி, காம்பரா கெடைச்சிருச்சு! எம் பேருல எழுதிட்டாங்க. பொண்ணு வீட்டுக்கும் சொல்லிட்டேன், நாளைக்குப் பாக்க வர்றாங்க!"

சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. திரும்பி வந்து, அண்ணன் வீட்டில் இரண்டு பேர் என்று மாற்றி நிரலை ஓடவிட்டேன். அண்ணன் வீடு: 2. அப்பா வீடு: அதுவும் 2.

"மிச்ச மூணு பேர எங்க முழுங்குச்சு இந்தச் சனியன்?"

பக்கத்தில் இருந்த ஸவாஹிரா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நீ 'நியூ' போடல்ல. அது போட்டாத்தான் புது ஊடு வரும். இது ஒரே ஊட்டுக்கு ரெண்டு பேரு வெச்ச மாதிரி."

போட்டேன். ஐந்து, இரண்டு என்று ஒழுங்காக வந்தது. அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் வீடு கிடைத்தது என்றால் ஆபீசில் பெயர் எழுதியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். எந்த வீடு என்று நாங்கள் யாருமே கேட்பதில்லை.

மறுபடி வெளியே ஓடி அண்ணனை அழைத்தேன்.

"அண்ணே, எந்தக் காம்பரா?"

"என்னா கேள்வி இது? அப்பாவுக்குத்தான் வயசாகி வேலை முடிஞ்சிருச்சே. அவரு பேர வெட்டிட்டு எம் பேர..."

நான் இடைமறித்தேன்.

"அப்ப அது நம்ம காம்பராதானே? நாளைக்கு வர்றவங்களுக்கு எந்தக் கதவத் தொறந்து காட்டுவ?"

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"யசோ," என்றான். "மகனுக்குப் புது வீடு கெடைச்சிருச்சுன்னு அப்பா லயம் பூரா சீனி குடுத்துக்கிட்டுத் திரியிறாரு."