கெட்டிமேளத் தட்டு

மாணிக்கவாசகம் தன் கல்யாணத்துக்கு மைக்செட் கேட்டு ஜெயபாலன் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, உள்ளே இருந்த தங்கை கமலவேணிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? போன வருடம் இதே வீட்டுக்கு வந்துதான் அவளுக்குப் பரிசம் போட்டான். நாலு மாதம் போவதற்குள், பந்தலுக்குப் பந்தல் பாட்டுப்பெட்டி தூக்கும் பெண் தன் குடும்பத்துக்குச் சரிப்படாது என்று ஆள்விட்டுச் சொன்னான். தெங்கேராவில் இரண்டு கடை வைத்திருப்பவரின் மகள் சந்திரமதி கிடைத்துவிட்டாள், வேறென்ன!

வேறு வழி இருந்தால் வந்திருக்க மாட்டான். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வாரம் அது. மலாக்காவில் இருந்த மேளக்காரர்களையும் மைக்செட்காரர்களையும் ஊர்வலத்துக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். காஜா பேராங் வட்டாரத்தில் மிச்சம் இருந்தது ஜெயபாலனின் செட் ஒன்றுதான். மேளம் இல்லாத கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குக் கெட்டிமேள இசைத்தட்டைப் போட்டுச் சமாளிப்பார்கள். தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாதல்லவா?

"ஒங்க பழைய பிளேட் மெசின மட்டும் கொண்டாராதீங்க. நான் சிங்கப்பூர்ல புதுசு வாங்கியிருக்கேன். அதுலதான் பாடணும்," என்றான் மாணிக்கவாசகம்.

அவன் போனதும் ஜெயபாலன், "முடியாதுன்னு சொல்லிரட்டுமா?" என்று தங்கையைக் கேட்டான்.

"எதுக்குண்ணே? நல்லா பண்ணிக் கொடுப்போம்."

ஒலிபெருக்கி ஹாரனைத் தென்னை மரத்தில் ஏறிக் கட்டுவது அண்ணன் வேலை. ஆம்பிளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டு போடுவது அவள் வேலை. ஆகையால் புது மெசினைப் பிரித்துப் பார்த்ததும் அவளுக்குச் சங்கதி விளங்கிவிட்டது. பழைய மெசினின் ஊசித்தலையில் இருந்தது படிகக் கல். அது சத்தத்தைத் தாராளமாகக் கொடுக்கும். நேரே ஆம்பிளிஃபையரில் சொருகினால் தெருவே அதிரும். புதியதில் இருந்தது காந்தமும் மயிரிழைக் கம்பிச் சுருளும். எடுப்பதைத் துல்லியமாக எடுக்கும், ஆனால் கொடுப்பதைக் கிள்ளித்தான் கொடுக்கும். அந்தக் கிள்ளலைப் பெருக்கிவிட ஒற்றை வால்வு வைத்த குட்டிப் பெட்டி ஒன்றும் கூடவே வந்திருந்தது. மாப்பிள்ளை அதை உதிரிச் சாமான் என்று எண்ணி அட்டைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தான்.

கல்யாணத்தன்று காலையில் கமலவேணி குட்டிப் பெட்டியை நடுவில் மாட்டித்தான் பாட்டுப் போட்டாள். பந்தலே மெய்மறந்து கேட்டது. "பாத்தீங்களா, புது மெசின் சத்தத்த!" என்று மாணிக்கவாசகம் வந்தவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டான். பீற்று, நல்லா பீற்று என்று அவள் மனதுக்குள் கறுவினாள்.

முகூர்த்தம் நெருங்கியது. குனிந்து வயர் சரிபார்ப்பதுபோல் அவள் குட்டிப் பெட்டியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மெசினை நேரே ஆம்பிளிஃபையரில் சொருகினாள்.

ஐயர் கையை உயர்த்தினார். அவள் ஊசியை இறக்கினாள். ஹாரனில் கெட்டிமேளம் கொசு ரீங்காரம்போல் வந்தது.

இருந்த பதற்றத்தில் மணப்பெண் அதைக் கவனிக்கவில்லை. மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, இந்த ஆளுக்கு மட்டுமாவது சொல்லித் தொலைப்போம் என்று ஐயரின் கை உயரும்வரை காத்திருந்தவள், உரக்கவே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒங்களப் பிடிக்கல. எங்கப்பா அடிச்சி உக்கார வச்சிருக்காரு."

பந்தல் முழுக்கக் கேட்டது. அட்சதையோடு ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன.

"சத்தத்தக் கூட்டு!" மாணிக்கவாசகம் தாலியும் கையுமாகக் கத்தினான். "மெசின் கெட்டுப்போச்சா, ரோசாக்கா?"

கமலவேணியின் கை பைக்குள் போனது. ஊர் சிரிக்க அவன் ஒருவன் கூனிக் குறுகினால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள்; பாவம், இந்தப் பெண் அதில் சேர்த்தி இல்லை. இப்போது பெட்டியை மாட்டினால் மேளம் முழங்கும், அவள் சொன்னது அதில் அமுங்கிப்போகும், தாலியும் ஏறிவிடும். கமலவேணி கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

"ரோசாக்லாம் இல்லீங்க. ஒங்க மெசின் கொடுக்கறது இவ்வளவுதான்."

பெண்ணின் தாய்மாமன் நல்லையா மணையருகே வந்து நின்றார். "என்னம்மா சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு."

சந்திரமதி மறுபடியும் சொன்னாள். அவள் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நல்லையா அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை கையிலிருந்த தாலியை வாங்கித் தேங்காய்த் தட்டில் வைத்தார்.

மாலையைப் பிய்த்தெறிந்துவிட்டு மாணிக்கவாசகம் கமலவேணியிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"வேணும்னேதான பண்ணுன?"

"ஆமா," என்றாள்.

அவளுக்கு மனம் குளிர்ந்தது. பாவமாக இருந்ததா என்றால், இல்லை. துளிகூட இல்லை. ஆக்கிய சோறு வீணாகக் கூடாதென்று நல்லையா பந்தி போடச் சொன்னார். கமலவேணி முதல் வரிசையிலேயே இலை முன்னால் உட்கார்ந்தாள். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தாள். கூறைச்சேலையோடு சந்திரமதி.

"நேத்துலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலக்கா," என்றாள் அவள்.

கமலவேணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.