ஏறும் உயரம்

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு பின்சக்கரம். காதல், மரணம், துரோகம் என்று கனமாக ஏதாவது சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது என்னவோ இவ்வளவுதான்: என் அக்காவின் பழைய எஸ்.யூ.வி. தினமும் காலையில் இடது பின்பக்கம் சாய்ந்து, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. ஏன் என்று பட்டறையில் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு புத்தகத்தை விரித்துவைத்து, பக்கம் புரட்டாமல் உட்கார்ந்திருந்தேன். எழுத வேண்டும் என்று தோன்றியது அங்கேதான்.

முதலில் எழுதிய தொடக்கம்: "மனிதர்களைப் போலவே வண்டிகளும் ஒரு வயதுக்குப் பிறகு..."

அக்கா படித்துவிட்டு, "ஒரு வயசுக்குப் பிறகு என்னடா? முடி பார்ப்போம்," என்றாள்.

முடிக்கவில்லை. வண்டியை மனிதனாக்கினால் அடுத்த பத்தியில் மனிதர் வண்டியாகிவிடுவார். அப்புறம் அக்காவின் காலுக்கு ஓர் உவமை வந்து நிற்கும். அது வரக் கூடாது.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு கையால் கதவைப் பற்றியபடி, கண்ணில் நீர்..." இதற்கு அவள் எதுவும் சொல்லவில்லை. என் பேனாவை வாங்கி, 'கண்ணில் நீர்' என்பதை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

2

அக்கா நில அளவையாளர். அவள் வேலை பார்க்கும் இடங்களுக்குப் பெரும்பாலும் பாதை இருக்காது, கல்லும் பள்ளமும்தான். அதற்கு உயரமான வண்டி வேண்டும். அவளுடைய இடது முழங்கால் மடங்காது. அதற்குத் தாழ்வான வண்டி வேண்டும். (கால் எப்படி அப்படி ஆனது என்று சொல்லப் போவதில்லை. அவளிடம் கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை நேரில் பார்த்திருக்கிறேன்.)

இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்க இருக்கும் வழி, ஏர் சஸ்பென்ஷன். இரும்பு ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ரப்பர் பை. கம்ப்ரசர் காற்றை அடைத்தால் வண்டி எழும்பும். காற்றை விட்டால் இறங்கும். கியருக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். அதை அழுத்தினால் வண்டி ஒட்டகம் மாதிரி

(உவமை வேண்டாம் என்று இப்போதுதானே சொன்னேன்.)

அழுத்தினால் வண்டி இறங்கும். இருக்கை அவள் இடுப்பு உயரத்துக்கு வரும். முதுகைக் காட்டி உட்காருவாள். மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பாள். கதவைச் சாத்துவாள். ஆட்டோமேட்டிக் கியர், ஓட்டுவதற்கு வலது கால் போதும். யாரும் அவளைத் தொட வேண்டியதில்லை.

இந்தக் கதையில் போனால் வராத பொருள் அது ஒன்றுதான்: யாரும் அவளைத் தொட வேண்டியதில்லை என்பது.

3

இனி மெக்கானிக். முதல் பிரதியில் அவரை அதிகம் பேசாத ஞானியாக எழுதியிருந்தேன். வண்டிமேல் கை வைத்தவுடன் கோளாறு சொல்லிவிடுவார். வாசிக்கச் சுகமாக இருந்தது. நிஜ மெக்கானிக் வாய் மூட மாட்டார். எதற்கெடுத்தாலும் 'கேரண்டி' என்பார். பட்டறையில் அவர் பெயரே அதுதான்.

"கம்ப்ரசர் போச்சு மேடம். மாத்திட்டா வண்டி குதிரை மாதிரி நிக்கும். கேரண்டி."

மாற்றினார். மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். "உங்க குதிரை படுத்துட்டு இருக்கு."

"அப்படின்னா வால்வு மேடம்."

வால்வையும் மாற்றினார். அப்போதும் படுத்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, பைகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். காற்று கசிந்தால் குமிழி வர வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"பையில லீக்கே இல்ல. கேரண்டி."

"உங்க கேரண்டிக்கு யாருங்க கேரண்டி?"

அவர் சிரித்தார். கோபப்படத் தெரியாதவர். கதைக்கு இப்படிப்பட்டவர்களால் பெரிய உபயோகமில்லை.

(என் கதையிலும் எங்கோ கசிவு இருக்கிறது, நானும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதுவது சுலபம். நீங்களும் அதை எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். வண்டி வண்டியாகவே இருக்கட்டும்.)

4

வில்லன் வேண்டுமே என்று அக்காவின் கணவரை, என் அத்தானைப் பார்த்தேன். பொருந்தவில்லை.

வண்டி ஓட்டத்திலேயே சரிந்த அன்று அவரும் உள்ளே இருந்தார். நெடுஞ்சாலையில் ஒரு வளைவு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பின்பக்கம் இறங்கியிருக்கிறது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து ஆடியது. அக்கா ஸ்டீயரிங்கைத் திருப்ப, வண்டி தாமதமாகத் திரும்பி, திரும்பியபின் நிற்காமல், எதிர்ப்பக்கம் ஏறிவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர் ஒதுங்கியதால் இந்தக் கதையில் இன்னும் எல்லோரும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த அத்தான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பயத்தை நான் கேலி செய்ய முடியாது.

மறுநாள் பட்டறைக்கு அவரும் வந்தார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு சாதா ஸ்பிரிங் போட்டுடுங்க."

"போட்டா பிரச்சினையே இல்ல சார். செட்டு கையிலயே இருக்கு. கேரண்டி."

"ஸ்பிரிங் போட்டா வண்டி இறங்குமா?" என்றாள் அக்கா.

"இறங்காது மேடம். ஒரே உயரம்தான்."

"அப்ப நான் எப்படி ஏறுறது?"

"நான் ஏத்தி விடறேன்," என்றார் அத்தான். "நான் இல்லன்னா உன் தம்பி இருக்கான். வேலை செய்யற இடத்துல ஆளுங்க இருக்காங்க."

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"நீ உயிரோட இருக்கணும்னு சொல்றேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன்."

இதற்குப் பிறகு வந்த மௌனத்தைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எனக்கு மௌனம் பிடிக்கும். அதில் நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்வேன். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்தேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

5

அந்த மௌனத்தில் காற்றின் மெல்லிய சீறலை முதலில் கேட்டவன் நான் என்று ஒரு பத்தி எழுதினேன். அமைதிக்குப் பழகிய காது, தலையைச் சாய்த்து... அழகான பத்தி. பொய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு அக்காதான் கேட்டாள்: "எப்பப் பார்த்தாலும் தூக்கி வச்சே பாக்குறீங்களே, அது மேல நிக்கும்போதா படுக்குது? கீழ இறக்கிப் பாருங்க. நான் ஏறுற உயரத்துல."

"இறக்கினா அடியில எப்படி மேடம் போறது? அப்பளமா ஆயிடுவேன்."

"நீங்க போக வேண்டாம். தண்ணி போகட்டும்."

வண்டியை இறக்கினார்கள். சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவில் மெல்லிய குழாயை நுழைத்து சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சினார் கேரண்டி. கைகழுவும் இடத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து சாய்த்துப் பிடித்தேன். போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு ரப்பர். பிறகு, பை மடியும் இடத்தில், வரிசையாகச் சின்னச் சின்னக் குமிழிகள். வண்டி உயர்ந்தால் அந்த மடிப்பு நிமிர்ந்து வெடிப்பு மூடிக்கொள்ளும். தாழ்ந்தால் வாயைத் திறக்கும், அன்று வளைவில் அழுந்தியபோதும் திறந்திருக்கிறது.

கேரண்டி பேசாமல் நின்றதை நான் பார்த்தது அப்போதுதான். பிறகு கேட்டார்:

"மேடம், ராத்திரி வண்டிய இறக்கியேவா விடுவீங்க?"

"ஆமா."

"அதான். விடிய விடிய ஒரே இடத்துல மடிஞ்சு கெடந்து வெடிச்சிருக்கு. புதுசு போட்டாலும் இப்படி விட்டீங்கன்னா இதே கதிதான்."

6

அத்தானுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது.

சாவி போட்டு, கதவுகளெல்லாம் மூடியிருந்தால்தான் வண்டி இறங்கும். பட்டன் உள்ளே. அவள் உள்ளே போக வேண்டுமானால் வண்டி இறங்கியிருக்க வேண்டும். வண்டி இறங்க வேண்டுமானால் யாராவது உள்ளே இருக்க வேண்டும். அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் வண்டியை இறக்கியே விட்டுவைத்தாள். காலையில் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

(அவள் செய்தது தவறு என்று இங்கே ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஒரு குரல் கேட்கிறது. நல்ல குரல், நியாயமான குரல். அது வெளியே காத்திருக்கட்டும்.)

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அத்தான். "காலையில நான் வந்து பட்டனை அழுத்தித் தந்திருப்பேனே."

"தந்திருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

அவர் முகம் சுருங்கியதை அவளும் பார்த்தாள். வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கேரண்டியிடம் சொன்னாள்:

"புதுப் பை போடுங்க. ராத்திரி மேலயே நிக்கட்டும், சறுக்கி இறங்கிக்கறேன். காலையில நானே இறக்கி நானே ஏறலன்னா, ஸ்பிரிங் போட்டுக்குங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"எப்படி இறக்குவ?" என்றார் அத்தான்.

"அது என் பாடு."

7

முடிவு ஒன்று. ஸ்பிரிங் போடுகிறார்கள். வண்டி வளைவுகளில் ஒழுங்காகத் திரும்புகிறது. இரண்டு ஆண்கள் இரண்டு பக்கமும் பிடித்து அவளை ஏற்றுகிறார்கள். எல்லோரும் நலம். எழுதும்போதே எனக்கு வாய் கசந்தது.

முடிவு இரண்டு. தினமும் காலையில் அத்தான் வந்து பட்டனை அழுத்துகிறார், அவள் புன்னகைக்கிறாள். நண்பர் ஒருவர் படித்துவிட்டு "நெகிழ்ச்சியா இருக்கு" என்றார். அதைக் கேட்டதும் அடித்துவிட்டேன். அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் ஒருவர் மறுத்ததையும் அவருக்குச் செய்யலாம் என்று சொல்லும் கதைகள் போதுமான அளவு இருக்கின்றன.

மூன்றாவதைப் பாதிவரை தருகிறேன்.

காலை. புதுப் பையின்மேல் வண்டி நேராக, உயரமாக நிற்கிறது. அக்கா கைத்தடியோடு வருகிறாள். கதவைத் திறந்து, எட்டிச் சாவியைத் திருப்புகிறாள். ஜன்னல் கண்ணாடியை இறக்குகிறாள். கதவைச் சாத்துகிறாள். இப்போது கதவும் மூடியிருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. உடல் பாரத்தைக் கதவின்மேல் சாய்த்துக்கொண்டு, தடியை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டுகிறாள்.

முதலில் ஹாரன் அலறியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அடுத்து வைப்பர் ஓடியது. காய்ந்த கண்ணாடியில் கர்ரென்று தேய்த்தது. நானும் அத்தானும் நின்ற வீட்டுப் படியிலிருந்து அவர் ஒரு கால் கீழே வைத்தார்.

"கிட்ட வந்தீங்கன்னா தடி உங்க பக்கம் திரும்பும்," என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"வரலம்மா. சும்மா நின்னுட்டுத்தான் இருக்கேன்."

"நீங்க மூச்சு விடறது இங்க கேக்குது. அதைக் கொஞ்சம் தள்ளி வச்சு விடுங்க."

அவளுடைய வலது கால் நடுங்கியது. (இந்த வரியை அடித்தேன். நடந்தது என்பதால் மறுபடி எழுதினேன்.) தடியின் நுனி பட்டனின் விளிம்பைத் தொட்டு வழுக்கியது.

அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். ஏறிவிட்டாள் என்றால் கைதட்டுவீர்கள். முடியவில்லை என்றால் உச்சுக்கொட்டுவீர்கள். இரண்டுக்கும் அவள் உங்களைக் கூப்பிடவில்லை.

ஆனாலும் வந்துவிட்டீர்கள். அத்தானுக்கும் எனக்கும் நடுவில், படியில் நிற்கிறீர்கள். வண்டி பக்கத்தில்தான் இருக்கிறது. மறுபக்கத்துக் கதவு பூட்டியில்லை. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்த உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. தடி மறுபடி உயர்கிறது.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.