சௌதாவும் ஆடினாள்

அக்கா சௌதாவின் உடலைப் போர்த்திய கஃபன் துணியின் ஓரத்தை மைமூன் சரிசெய்துகொண்டிருந்தபோது அங்காளம்மாள் வந்தாள். மம்சாபுரத்தில் களை பறித்துக்கொண்டிருந்தவள், செய்தி கேட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். சேலையில் சேறு காயவில்லை.

"அக்கா மொகத்தப் பாக்கலாமா?"

மைமூன் நகர்ந்து இடம்விட்டாள். மஞ்சள் காமாலை பத்தே நாளில் சௌதாவை உருக்கியிருந்தது. முப்பது வயது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் மூவரும் ராஜபாளையத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மைமூனையும் அங்காளம்மாளையும் கோ-கோ அணியில் எடுத்திருந்தார்கள். வெளியூர்ப் போட்டி என்றதும் அத்தா மதார் சாகிப், "பொட்டப்பிள்ளைய ஒத்தையில அனுப்ப மாட்டேன்" என்றுவிட்டார்.

"எனக்கும் ஆடணும்னு ஆசையா இருக்குத்தா. ரெண்டு பேருமாப் போறோம்" என்றாள் சௌதா.

மைமூன் பாய்ந்தால் யாரும் தப்ப முடியாது. சௌதாவோ களத்தில் இறங்கிய முதல் நிமிஷத்திலேயே பிடிபடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூர் இறுதிப்போட்டியில் அப்படித்தான் ஒரு புள்ளியில் தோற்றார்கள். இரண்டு நாள் மைமூன் அக்காவோடு பேசவில்லை.

சௌதாவைச் சுமந்த சந்தூக்கு வாசலைக் கடந்து போயிற்று. ஆண்களின் குரல் தெருமுனையில் தேய்ந்தது. பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு அங்காளம்மாள் மெல்லச் சொன்னாள்.

"அன்னைக்குத் தோத்துட்டு வரும்போது அக்கா பஸ்ஸுல எங்கிட்ட அழுதுச்சு. ஓடவே புடிக்கல, எல்லாரும் பாக்காக, கூச்சமா இருக்குன்னு. பொறவு எதுக்குக்கா வாரேன்னு கேட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

"நான் நின்னுட்டா அவளையும் நிறுத்திருவாகன்னுச்சு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிடுச்சு."

அதற்குப் பிறகும் ஒரு வருஷம், ஒரு போட்டி விடாமல் சௌதா வந்தாள். அந்த வருஷம்தான் மைமூன் மாவட்ட அணிக்குப் போனாள். இன்றைக்குப் பார்க்கும் உடற்கல்வி டீச்சர் வேலை அதிலிருந்து வந்தது. பேசாமலிருந்த அந்த இரண்டு நாளும் அக்காதான் தனக்குத் தலை பின்னிவிட்டாள் என்பது இப்போது மைமூனுக்கு நினைவுக்கு வந்தது. அவள் அங்காளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேள, சொன்னடி" என்றாள்.

அடக்கம் முடிந்து அத்தா திரும்பினார். கையெல்லாம் செம்மண். மைமூன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"விருதுநகர்ல ஒன் பிள்ளைகளுக்குப் போட்டின்னியே, என்னைக்கு?"

"வெள்ளிக்கெழமத்தா. வேற டீச்சர அனுப்பச் சொல்லிட்டேன்."

"வேண்டாம். நீயே கூட்டிட்டுப் போ. பிள்ளைக ஒன்னத் தேடும்."

மண் போன பிறகும் அவர் கையை நீட்டியபடியே நின்றார். செம்பு காலியாகும்வரை மைமூன் ஊற்றிக்கொண்டிருந்தாள்.