லுரேனாவும் ஒன்பதாவது சரணமும்

மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கே காலுக்கு, வெர்னா ஸ்டாம்பரின் முன்னறையில் ஓடெல் ராட்லிஃப் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, இரண்டாம் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். முழங்கால் வரை நனைந்திருந்தாள். இரண்டாம் சரணத்தில் ஆற்றங்கரைச் சேற்றில் நடந்து வருகிறாளே, அந்த ஈரம். அறையில் இருபத்தாறு பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் டாப்சன் பள்ளத்தாக்கில் பாட்டுக்கு நடுவே பேசும் வழக்கமில்லை. கூரை பற்றிக்கொண்டாலும் சரணம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.

வெர்னா முப்பத்தோரு வருஷம் கென்டக்கி மலைச் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டின் அமைதி அவள் காதைக் குடைந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, பாட்டுக்காரர் ஒருவரை அழைத்து முன்னறையில் பாடவைத்தாள். மைக் கிடையாது, மேடை கிடையாது. சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலிகள் வரும், ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு வரும். பாடுகிறவரின் முழங்காலுக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஒரு பூனை படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். லுரேனா என்பவள் ஆன்செல் என்ற காதலனை நம்பி, வெள்ளம் போகிற ஆற்றில் அவனுடைய படகில் ஏறுகிறாள். எட்டாம் சரணத்தில் படகு நடு ஆற்றுக்கு வருகிறது. ஒன்பதாம் சரணத்தில் அவன் அவளைத் தள்ளிவிடுகிறான். அன்று ஓடெல் ஒன்பதாவதை முடித்துக் கண்ணைத் திறந்தபோது நாற்காலியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. தபால்காரர் ஹோபர்ட் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பிறகு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து, சோளரொட்டியில் சர்க்கரை போடலாமா கூடாதா என்று வழக்கம்போலச் சண்டை போட்டார்கள்.

அந்தக் கோடையில் யார் வந்து அந்தப் பாட்டைப் பாடினாலும் அவள் வந்தாள், இரண்டில் வருவாள், ஒன்பதில் போய்விடுவாள். வெர்னா முதலில் ஒரு துண்டு எடுத்துவைத்தாள், அடுத்த முறை ஒரு தட்டு வைத்தாள். அவித்த முட்டையை அந்தப் பெண் இரண்டு கையாலும் பிடித்துத் தின்கிற அழகைப் பார்த்தபின் வெர்னாவுக்கு மற்ற பாட்டுகள் எதுவும் காதில் ஏறவில்லை. நான்கு நிமிஷம் வந்துபோகிறவள் மேல் இவ்வளவு ஆசை வைக்கக்கூடாதுதான். வைத்துவிட்டாள். செப்டம்பரில் ஓடெலைப் பிடித்து, எட்டோடு நிறுத்தச் சொன்னாள்.

“என் அத்தை பாடின மாதிரிதான் நானும் பாடுவேன். ஒரு வார்த்தைய விட்டாக்கூட கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து காதைத் திருகிடுவாங்க” என்றார் ஓடெல்.

“வரட்டும். அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடறேன்.”

அக்டோபரில் ஓடெல் எட்டோடு நிறுத்தினார். கடைசி வரிசையில் ஹோபர்ட் இரண்டு முறை தொண்டையைச் செருமினார், பிறகு தாங்க முடியாமல் ஒன்பதாவதைத் தானே பாடிவிட்டார். இரண்டாம் அடியில் பாதி அறை சேர்ந்துகொண்டது. பாட்டை அந்தரத்தில் விட்டுவைப்பது அந்த ஊர்க்காரர்களால் ஆகிற காரியமல்ல. லுரேனாவின் கையிலிருந்த முட்டை தரையில் உருண்டது.

“முப்பது வருஷம் தபால் கொடுத்தவன் நான். ஒண்ணைக்கூட பாதி வழியில விட்டதில்ல, வெர்னா. வாய் தானாப் போயிடுச்சு” என்றார் ஹோபர்ட்.

“அடுத்த தடவை அந்த வாயில ரொட்டியத் திணிக்கிறேன் பாரு.”

சொன்னபடியே செய்தாள். நவம்பரில் ஏழாம் சரணத்தின்போது தட்டோடு வரிசை வரிசையாகப் போய், ஆளுக்கொரு பெரிய துண்டு சோளரொட்டியை வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லி சைகை காட்டினாள். எட்டு முடிந்தபோது பாடுவதற்கு ஒரு வாய்கூடக் காலியாக இல்லை. லுரேனா போகவில்லை.

பாட்டுக்காரர்கள் தங்கும் மாடியறையை வெர்னா அவளுக்குக் கொடுத்தாள். லுரேனா எல்லாவற்றையும் கேட்டுத் துளைத்தாள். குளிர்பெட்டியை மூடியதும் உள்ளே விளக்கு அணைகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பகல் முழுவதும் செலவழித்தாள். ஆனால் அந்தக் குளிர்காலம் பள்ளத்தாக்கில் எதுவும் முடியவில்லை. அடுப்பிலிருந்த பீன்ஸ் வேகவே இல்லை. போதகரின் பிரசங்கம் ஆமென் கிடைக்காமல் புதன்கிழமை வரை நீண்டது. விழ ஆரம்பித்த பனி பாதியில் நின்று, தந்திக்கம்பி உயரத்தில் தொங்கியது. லுரேனாவுக்கும் தூக்கமில்லை. கட்டிலில் படுத்தாலும் படகு ஆடுவது நிற்கவில்லை என்றாள். கண்ணைச் சுற்றிக் கறுத்துக்கொண்டே வந்தது.

“எட்டு வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அப்புறம் என்னம்மா ஆவுது?” என்று தினமும் கேட்டாள்.

வெர்னா பேச்சை மாற்றினாள், கதவைச் சாத்தினாள், ஒருநாள் கத்தியும் விட்டாள். சொன்னால் போய்விடுவாளோ என்று பயந்தாள். ஆனால் அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுவதை எத்தனை நாள் பார்ப்பது? ஜனவரியில் ஒரு காலை, பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஆன்செல் உன்னத் தள்ளிவிட்டுட்டான், கண்ணு. நடு ஆத்துல.”

“ஆன்செலா? அவனுக்குத் துடுப்பே ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதே. எதுக்குத் தள்ளினான்?”

“அது பாட்டுல இல்ல.”

“யாருமே கேக்கலையா?”

“நூறு வருஷத்துக்கு மேல பாடறோம். கேக்கல” என்றாள் வெர்னா. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“பாடச் சொல்லுங்க. உக்காந்து கேக்கறேன்.”

பிப்ரவரியில் ஓடெல் ஒன்பதையும் பாடினார், ஒரு சொல்லை மாற்றாமல். எட்டு முடியும்போது தரைப்பலகைகளின் இடுக்கிலிருந்து ஆறு ஏறி வந்தது, கணுக்கால் வரை, பிறகு ஆடுசதை வரை. பாட்டு நடக்கும்போது எழுந்து போவதில்லை என்பதால் எல்லோரும் காலை மட்டும் தூக்கிக்கொண்டார்கள். பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல வெர்னா லுரேனாவின் கையைப் பிடித்திருந்தாள். ஒன்பதாம் சரணத்தில் அந்தக் கை ஒருமுறை வெட்டி இழுத்தது. வெர்னா விடவில்லை, லுரேனாவும் விடவில்லை. கடைசிச் சொல் முடிந்ததும் தண்ணீர் வந்த வழியே வடிந்தது.

“எதுக்குன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே” என்றாள் லுரேனா, நாற்காலியில் இருந்தபடியே. ஹோபர்ட் குலுங்கிக் குலுங்கி அழுதார். வெளியே தொங்கிக்கொண்டிருந்த பனி முழுவதும் ஒரே மூச்சில் விழுந்தது.

லுரேனா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிறுகளில் நாற்காலி போடுவது அவள் வேலை. கதைப் பாட்டு தொடங்கினால் கொல்லைப்பக்கம் போய் விறகு அடுக்குவாள். ஃபிடில் மட்டும் வாசித்தால் முதல் வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அதில் சொல்லே கிடையாது, யாரும் சாவதில்லை.