அவர் சொல்லாத தூ

கோவிந்தராசு எல்லாப் பயிற்சியும் செய்வார், 'தூ' மட்டும் சொல்ல மாட்டார். 'ஆ' சொல்வார், 'ஈ' சொல்வார், உதட்டைக் குவித்து ஊதக்கூட ஊதுவார். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன மனுஷன் அவ்வளவு செய்வதே பெரிது. ஆனால் 'தூ' என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் சிந்துஜா, அவருடைய மருமகள் புஷ்பமேரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அதுதான் முக்கியம். நாக்கு பல்லுல முட்டி, உதடு குவிஞ்சு, காத்து வெளிய வரணும். துப்புறதுங்கற வார்த்தையே அந்தச் சத்தத்துலேர்ந்துதான் வந்திருக்கும்னு எனக்குத் தோணும். தூ சொல்ல வந்தா துப்ப வந்துடும். வராட்டி சோறு கன்னத்துலயே தங்கும். என்னிக்காவது மூச்சுக்குழாய்ல எறங்குச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

புஷ்பமேரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனுஷனுக்கா துப்ப வராது? மாதா கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அவர் மகன் செம்மலோடு இந்த நெல்லித்தோப்பு வீட்டு வாசலில் வந்து நின்றவள் காலில், தெருவே பார்க்கக் காறித் துப்பியவராயிற்றே. துப்புவதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. நீ மனுஷியே இல்லை என்று அர்த்தம். அதற்கு அகராதி எதற்கு?

இப்போது அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி, தினமும் பயிற்சி செய்ய வைப்பது அவள்தான். இந்த மருமகள் சொல்லி நாம் செய்வதா என்ற வீம்பில்தான் கிழவர் வாயை மூடுகிறார் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் செம்மல் வேலைக்குப் போனபின், கட்டில் ஓரத்தில் அவரை உட்கார வைத்து இட்லியைக் குழைத்து ஊட்டினாள். பாதியில் அவர் மென்று விழுங்குவது நின்றது. தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். கண் பிதுங்கியது.

"மாமா, துப்புங்க."

அவள் தரையில் மண்டியிட்டு, அவரை முன்னால் சாய்த்து முதுகில் தட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, நல்ல கையால் அவளைத் தள்ளினார். சாகும்போதுமா இந்த வெறுப்பு என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தாள். அது அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நீர் வடித்தது. கை மறுபடி மறுபடி தள்ளிப் போ, தள்ளிப் போ என்றது. வாயைத் திறந்தால் அவள்மேல்தான் விழும்.

"எம்மேலயே துப்புங்க, மாமா."

அவர் தலையை ஆட்டினார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் கேக்காமலே துப்புனீங்க. இன்னிக்குக் கேக்கறேன், துப்புங்க."

முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், "தூ" என்றாள். இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்த கோபமும் அதில் சேர்ந்தே வந்தது.

"தூ" என்றார் அவர்.

இட்லி அவள் கன்னத்தில், கழுத்துச் சிலுவையில், புடவையில் தெறித்தது. அவர் இருமினார், மூச்சை இழுத்தார், மறுபடி இழுத்தார். புஷ்பமேரி அப்படியே தரையில் சரிந்து, காலை நீட்டி உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

கோவிந்தராசு தோளில் கிடந்த துண்டை இடது கையால் உருவினார். வாயைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவரோ குனிந்தார். விழுந்துவிடப் போகிறாரே என்று பதறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் காலைத் துடைத்தார். காலில் ஒன்றும் படவில்லை.