ஐந்தாவது தழும்பு

அன்று உடற்கூறியல் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் தம்பி, அவன் மனைவி, கால்நடை மருத்துவக் கல்லூரியில் எருமைகளின் இனப்பெருக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் என் மகள், அவளுடைய பேராசிரியர். மொத்தம் ஆறு பேர். எங்கள் எருமையையும் சேர்த்து ஏழு என்று தம்பி மனைவி சொல்லித் திரிகிறாள். கண்ணாடிக் குப்பியில் இருந்தவை எருமையின் சினைப்பைகள் மட்டுமே. அவற்றை ஓர் ஆளாகக் கணக்கிட நான் ஒப்பவில்லை.

எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற எருமை அது. பாகம் பிரித்தபோது, அறுத்துப் பங்கு போட முடியாது என்பதால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். எருமை என் கொட்டகையில் நிற்கும். முதல் சினை எனக்கு, அடுத்தது தம்பிக்கு, பிறகும் அப்படியே மாறி மாறி. கன்று தங்கினாலும் தங்காமல் போனாலும், சினை பிடித்தாலே ஒரு முறை தீர்ந்தது. சண்டைக்கு இடம் வைக்காத ஏற்பாடு என்று அப்போதே பலர் பாராட்டினார்கள். எருமை நான்கு முறை ஈன்றது. ஆளுக்கு இரண்டு கன்று. தீர்ந்தது கணக்கு.

வயதாகி எருமை செத்தபோது மகள் வந்து அதன் கருப்பையையும் சினைப்பைகளையும் கேட்டாள்.

"அறுப்புக்கூடத்துலேருந்து வர்றதெல்லாம் எத்தனை ஈத்துன்னு யாருக்கும் தெரியாதுப்பா. நம்ம எருமைன்னா நீங்க சொல்லுவீங்க."

நாலு ஈத்து என்று சொன்னேன். உறுதிதானா என்று பேராசிரியர் கேட்டனுப்பினார். நான் சொன்னதை இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆராய்ச்சி என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

எருமை சினையாகும் ஒவ்வொரு தடவையும் சினைப்பைக்குள் ஒரு வெள்ளைத் தழும்பு விழுமாம். சாகும்வரை அழியாதாம். சினைப்பையை மெல்லியதாகச் சீவித் தழும்புகளை எண்ணினால் ஈத்துக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் என் மகளின் ஆராய்ச்சி. எண்ணினாள். ஐந்து இருந்தது.

என்னிடம் சொல்லியிருக்கலாம். தன் சித்தியிடம் போனில் சொல்லிவிட்டாள்.

தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அண்ணா, அஞ்சாவது கன்னு எங்கே?" என்று கேட்டான்.

மகளின் எண்ணிக்கை தப்பு என்றால் அவள் ஆராய்ச்சி போயிற்று. சரி என்றால் நான் உடன்பிறந்தவன் கன்றை ஒளித்து விற்றவன். இரண்டில் எதையும் என் வாயால் சொல்வதாக இல்லை. என் கண் முன்னால் எண்ணட்டும் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். வெளுத்த சட்டையும் புதுச் செருப்பும் போட்டுக்கொண்டேன்.

கூடத்தில் நீளமான எஃகு மேசைகள். சுவரோரம் எலும்புகளாக மட்டும் ஒரு குதிரை. மருந்து நெடியில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகியது. கோலிக்குண்டு அளவில் இருந்த சினைப்பைகள் இரண்டையும் பேராசிரியர் வெள்ளைத் தட்டில் வைத்துத் துண்டு துண்டாகப் பரப்பினார்.

"இவ்வளவுதானா?" என்றாள் தம்பி மனைவி. "இதுக்கா அவ்வளவு புண்ணாக்கு தின்னுச்சு?"

மகள் இடுக்கி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். ஐந்து இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"இதுல ஒன்னு, ரெண்டு மாசத்துலேயே கலைஞ்ச சினையா இருக்கலாம். வெளியே தெரிஞ்சிருக்காது" என்றார் பேராசிரியர். "எருமைங்க பருவத்துக்கு வந்தாலும் சத்தம் போடாதுங்க. பல பேருக்குத் தெரியாமலே போயிடும்."

"எங்க வீட்டுல யாரும் சத்தம் போடறதில்லை" என்றேன். "ஆனா சொல்லாம கொள்ளாம சினையாகிற எருமை இல்லை அது."

"உங்ககிட்ட வந்து அனுமதி கேட்டிருக்கணுமோ?" என்றாள் என் மனைவி. அவள் எந்தப் பக்கம் என்பது இன்றுவரை தெரியவில்லை.

மகள் கேட்டாள்: "அப்பா, எந்த ரெண்டு ஈத்துக்கு நடுவுல இடைவெளி அதிகம்?"

இப்படிப்பட்ட விஷயத்தில் எனக்கு மறதி கிடையாது. "ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல. ஒரு வருஷம் சும்மாவே நின்னுச்சு" என்றேன்.

"அப்ப அங்கதான் கலைஞ்சிருக்கு. கணக்கு சரியாப் போச்சு, சித்தப்பா. அஞ்சாவது கன்னுன்னு ஒன்னு பிறக்கவே இல்லை."

தம்பியின் முகம் தொங்கிப்போயிற்று. "மன்னிச்சிடு அண்ணா" என்று முணுமுணுத்தான். என் வார்த்தைதான் நின்றது. எழுந்து புறப்பட்டிருக்கலாம். ஆனால் தம்பி மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாமா, சினை பிடிச்சாலே ஒரு முறை தீர்ந்ததுன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான்."

"கலைஞ்சது மூணாவது சினை. அது உங்க முறை. அப்போ அதுக்கப்புறம் பிறந்த உங்க மகாராணி எங்களுது. அதுக்கு அடுத்துப் பிறந்த எங்க முரடி உங்களுது."

மகாராணி என்பது என் கொட்டகையிலேயே அதிகம் கறக்கும் எருமை. தம்பி வீட்டு முரடிக்குப் பால் குறைவு, கோபம் அதிகம். இத்தனை வருஷமாக ஒருவர் எருமையை மற்றவர் கறந்து குடித்திருக்கிறோம்.

"ஏய், சும்மா இரு" என்றான் தம்பி. "வயித்துல கலைஞ்சதுக்கெல்லாமா பங்கு? விடுண்ணா, அவ விளையாட்டுக்குச் சொல்றா."

"நான் விளையாடலை" என்றாள் அவள்.

பேராசிரியர் குறுக்கிட்டு, விஞ்ஞானத்தில் இவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல முடியாது, இடைவெளிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்றார். அப்பா, அவசரப்படாதீங்க என்றாள் மகள். எனக்கு ஒதுங்க இடம் கொடுத்தார்கள். ஒதுங்கினால் என் ஏற்பாடு எனக்குச் சாதகமான வரைக்கும்தான் ஏற்பாடு என்று ஆகும்.

"சாயங்காலம் மகாராணியை ஓட்டிக்கிட்டுப் போ" என்று தம்பியிடம் சொன்னேன். "முரடியைக் கொண்டுவந்து கட்டு."

அப்படியே நடந்தது. ஆனால் மகாராணி அங்கே ஒரு சொட்டுப் பால் விடவில்லை. தம்பி மனைவி தடவிக் கொடுத்தாள், கொஞ்சினாள், என் பழைய சட்டையைக் கேட்டு வாங்கித் தம்பிக்குப் போட்டுவிட்டுக் கறக்கச் சொன்னாள். எருமை ஏமாறவில்லை. மடி கனத்து வலியில் கத்தியது தெருவுக்கே கேட்டது.

தம்பி ஓடி வந்தான். "திரும்ப வச்சுக்கண்ணா. எங்களுக்கு வேண்டாம்."

"உன் எருமையை நான் எதுக்கு வச்சுக்கணும்?"

"அப்ப வந்து கறந்தாவது கொடு. மடி வீங்கிக் கிடக்கு."

அவன் எருமை அவனிடம்தான் இருக்க வேண்டும். வாயில்லாத பிராணி வலியில் கத்தக்கூடாது. இரண்டும் நியாயம். ஆகவே இப்போது காலையும் மாலையும் நான் போய்க் கறக்கிறேன். பால் முழுவதும் அவர்கள் பாத்திரத்தில்தான் விழுகிறது. என் மகள் ஆராய்ச்சியை முடித்துவிட்டாள். அதில் எங்கள் எருமைக்குத் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது.

நான் தம்பி வீட்டில் பால்காரனாக வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் சம்பளம் வாங்குவதில்லை.