வந்தாச்சு பொத்தான்

காலை ஏழு மணிக்கு டெல்லி மயூர் விஹாரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் ஹம்சா நின்றுகொண்டிருந்தாள். ஆப் எழுதுகிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை? செய்த தப்பு இழுத்து வந்திருந்தது, அவ்வளவுதான்.

அங்கே வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், கேட்டுக்கு வந்ததும் போனில் தங்களைப் படமெடுத்து 'வந்தாச்சு' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். அந்த ஆப் ஹம்சாவின் கைவண்ணம். பதிவு காலையில் மட்டும்தான். தொடர்ந்து மூன்று நாள் பதிவாகாவிட்டால் கேட் பாஸ் தானாக ரத்தாகிவிடும். புதிதாக வாங்குவதற்கு போலீஸ் விசாரணை, அது இது என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை எந்த வீடு காத்திருக்கும்? நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஆராயிக்கு இரண்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. வேலைக்கு அவள் வந்தாள் என்பதற்கு நாலு வீடும் சாட்சி. குடியிருப்புச் செயலாளருக்கோ ரிஜிஸ்டரில் இருப்பதே வேதம். அதைக் கையால் திருத்த ஹம்சாவுக்கும் அனுமதி கிடையாது.

முதல் நாள் கோளாறு சுலபமாகப் பிடிபட்டது. ஆப்பில் திரையைக் கவனிக்க ஒரே ஒரு த்ரெட்தான், அதாவது ஒரே ஓர் ஆள். படத்தைச் சுருக்கி அனுப்பும் பாரத்தையும் ஹம்சா அவர் தலையிலேயே கட்டியிருந்தாள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறவரே அரிசி மூட்டை எடுக்கவும் உள்ளே போனால் கடை என்ன ஆகும்? சோதித்துப் பார்த்த ஆபீஸின் புதுப் போனில் அவர் போனதும் வந்ததும் தெரியவில்லை. ஆராயியின் பழைய போனில் உள்ளே போனவர் வரவே இல்லை. திரை உறைந்து, ஆப்பே மூடிக்கொண்டது.

அன்றே மூட்டை தூக்கப் பின்னால் இன்னோர் ஆளைப் போட்டாள் ஹம்சா. மறுநாள் திரை துளிகூடத் தயங்கவில்லை. வருகை மட்டும் பதிவாகவில்லை!

மண்டையைப் பிய்த்துக்கொண்டு மதியமே ஆராயியைத் தேடிப் போனாள்.

"ஆராயிக்கா, நீங்க டெய்லி பண்ற மாதிரியே பண்ணிக் காட்டுங்கோ."

ஆராயி பொத்தானை அமுக்கினாள். அடுத்த நொடியே ஆப்பை மேலே தள்ளி விரட்டிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அச்சச்சோ, ஏன்க்கா உடனே தள்ளிட்டேள்?"

"வேல முடிஞ்சா மூடி வெக்கணும் பாப்பா. தெறந்தே கெடந்தா போனு சூடாவுது, பேட்டரி பூடுது."

ஆப்பை விரட்டினால் பின்னால் மூட்டை தூக்குகிறவரும் அதோடு போக வேண்டியதுதான். ஹம்சாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவளுடைய ஆபீஸில் யார் ஆப்பை மூடுகிறார்கள்? ஆளுக்கு முப்பது திறந்தே கிடக்கும். சிக்கனமாக இருந்த ஆராயியைக் குறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேலையை முதலில் போனிலேயே குறித்துவைத்து, ஆப் போனாலும் போனே அதை முடித்துவைக்கும்படி அன்று சாயங்காலத்துக்குள் மாற்றி எழுதினாள்.

இன்று மூன்றாவது நாள். ஆராயி வந்தாள், படமெடுத்தாள், அமுக்கினாள், வழக்கம்போல் ஆப்பை விரட்டினாள். ஹம்சா காவலாளியின் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நொடி. இருபது நொடி.

"ஆ கயா," வந்தாச்சு என்று இந்தியில் சொன்னார் காவலாளி. திரையில் ஆராயியின் பெயர், பக்கத்தில் பச்சை டிக்.

நல்லவேளை! ஹம்சா காவலாளியின் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பதிவாயிடுத்துக்கா! பாஸுக்கு இனிமே ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாளும் என் தப்புதான், நான்தான் ஆப்பை சரியா எழுதலை."

"ஒன் தப்பா?" ஆராயி தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். சோப்புத்தூளில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "வெரலு தேஞ்சுபோச்சு, அதான் போனு என்னிய சேத்துக்கலன்னு நெனச்சேன் பாப்பா. ரெண்டு நாளா தேங்கா எண்ணெய தடவிக்கினு கெடக்கறேன். அப்ப, எங் கையில கோளாறு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமே இல்லக்கா."

பாஸ் தப்பியதற்கு வராத பெருமூச்சு ஆராயிக்கு இப்போது வந்தது. "அப்பாடா," என்றாள். "கையே போச்சுன்னா, கேட்டு தெறந்து மட்டும் என்னா பண்றது?"

சொல்லிவிட்டு, முதல் வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று விறுவிறுவென்று உள்ளே நடந்தாள்.